சுவரில் இருந்த கோடு

மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பழைய பருத்திக் கிடங்கின் சுவரில், பெருவெள்ளம் தொட்ட உயரத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே யாரும் வீடு கட்டமாட்டார்கள். ஊரின் நூற்றாண்டு விழாவுக்கு வெள்ளையடித்தபோது கோடு மறைந்துபோனது. அடுத்த வருடமே, அந்த உயரத்துக்குக் கீழேயே, கிடங்கை ஒட்டிப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள்.

வடக்கே பனி உருகிய ஒரு காலையில், சுவரின் காலில் ஏதோ சில்லென்று பட்டது.

"யாரு?" என்றது சுவர்.

"நான்தான், ஆறு. போன தடவை எதுவரைக்கும் வந்தேன்?"

சுவர் கத்தியது. "கோட்டை அழிச்சிட்டாங்க. இப்பதான் பள்ளிக்கூட மணி அடிச்சுது, பிள்ளைங்கெல்லாம் உள்ளே இருக்கு. திரும்பிப் போயிடு!"

ஆறு இன்னொரு செங்கல் ஏறியது.

"எனக்கும் மறந்துபோச்சு. கவலைப்படாதே, இன்னிக்கே புதுசா ஒண்ணு போட்டுடறேன்."