ஜாகுவாரில் இல்லாத ஒன்று

பத்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம். லண்டன் அப்டன் பார்க்கில் மீன் கடைக்குப் பின்தெருவில் ஜாகுவார் காரை நிறுத்திவிட்டு, செபமாலைமுத்து கண்ணாடிகளையெல்லாம் மேலே ஏற்றினார்.

மீன் இன்னும் வாங்கவில்லை. மீன் கிடக்கட்டும்.

டாஷ்போர்டின் சின்னப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒளித்து வைத்திருந்த கருவியின் பொத்தானை அழுத்தினார். நேற்றுத்தான் றஜீவன் பொருத்திக் கொடுத்தான். கார் ரேடியோ பூட்டுவதில் பேர்போன ஆள். ஆனாலும் இந்த இருபத்தைந்து வருடத்துக் காரின் மரப்பலகையில் ஒரு கீறல் விழக்கூடாதென்று இவர் பக்கத்திலேயே நின்று கொடுத்த கரைச்சலில் அவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

"அண்ணை, இது ராசா வீட்டுக் கார்தான். ஆனா தமிழ் ரேடியோ டிஜிட்டலிலதானே வருது. இந்தக் கார் பிறக்கேக்க அது பிறக்கேல்லை" என்றான்.

செபமாலைமுத்துவுக்குச் சுருக்கென்றது.

ஏழு வருடத்துக்கு முன்பு, இந்தக் காரைப் பழசாக வாங்கிய அன்று, மனைவி மெற்றில்டாவைப் பக்கத்தில் இருத்தி, "இதில இல்லாதது ஒண்டுமில்லை. எங்கட தமிழ் ரேடியோவும் இழுக்கும்" என்று அளந்தவரே அவர்தான். அன்றைக்குப் பிறகு அந்த ரேடியோவை அவர் தொட்டதேயில்லை. கசெற்றில் ஞானப்பாட்டுக் கேட்பார். அது போதும் அவருக்கு.

இப்போது என்ன திடீர் ஆசை என்கிறீர்களா? ஆசையாவது மண்ணாவது! பயம்.

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது லூர்தம்மா சிரித்துக்கொண்டு சொன்னார்: "உங்கட மனுசி சனிக்கிழமையில ரேடியோவில கதைக்கிறதெல்லாம் உங்களைப் பற்றித்தானே!" சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு செபமாலைமுத்துவை ஒரு கிழமை தூங்க விடவில்லை.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசாதவள், லண்டன் முழுக்கக் கேட்க அப்படி என்னத்தைச் சொல்கிறாள்? குறட்டையையா? விசா அலுவலாகக் குரோய்டனுக்குப் போன அன்று வழி தவறி மூன்று மணிநேரம் சுற்றியதையா? இல்லை, முப்பத்தாறு வருடமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிய ஏதாவது பெரிய குறையா? அவளிடமே கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வாய் வந்தால்தானே!

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் கடை இருக்க, ஒவ்வொரு சனியும் ஒன்பதரைக்கே பையைக் கையில் திணித்து, "அப்டன் பார்க் மீன்தான் நல்லது. காரில போட்டு ஆறுதலா வாங்கோ" என்று வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைக்கிறாளே! ஆளைக் கிளப்பிவிட்டுக் கதை அளக்கத்தான். கள்ளி.

பத்து மணி. வாழ்த்து நிகழ்ச்சி தொடங்கியது.

முதலில் சவுத்தாலிலிருந்து ஒரு ஐயா, பேத்திக்குப் பிறந்தநாளாம். வீட்டு ரேடியோச் சத்தத்தைக் குறைக்கும்படி அறிவிப்பாளர் மூன்று தரம் கெஞ்சியும் அவர் குறைக்கவில்லை. சத்தம் கொய்யென்று கிளம்பியது. செபமாலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார்.

"வணக்கம் மெற்றில்டா அக்கா. வழமைபோல அண்ணைக்குத்தானே பாட்டு?"

செபமாலைமுத்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"ஓம் தங்கச்சி. அவர் இப்ப காருக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்." அது மெற்றில்டாவின் குரல்தான். ஆனால் இவ்வளவு குழைந்து அவர் கேட்டதில்லை. "எனக்கு முழங்கால் ஏலாமப் போனதிலயிருந்து காலமைத் தேத்தண்ணி அவற்ற கையாலதான். ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்லை. முகத்துக்கு நேர சொல்ல எனக்கு வெக்கம். அதுதான் ஏழு வருசமா ஆளைக் காரில அனுப்பிப்போட்டு உங்களுக்குப் போன் எடுக்கிறன்."

அறிவிப்பாளர் சிரித்தார். "அண்ணை வீட்டை வந்து என்ன சொல்லுவார் அக்கா?"

"ஒண்டும் சொல்லார். அவருக்கும் வெக்கம். கேளாத மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு மீனை நீட்டுவார். அதுதான் அவற்ற பதில். எனக்கு அது போதும்."

பாட்டு வந்தது. என்ன பாட்டென்று செபமாலைமுத்துவின் காதில் விழவேயில்லை.

ஏழு வருடம். வருடத்துக்கு எத்தனை சனிக்கிழமை! பெருக்கிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. அத்தனை சனியும் இதே தெருவில், இதே ஆசனத்தில் இருந்து கசெற் கேட்டிருக்கிறார். அடப் பாவி மனுஷா என்று தன்னையே ஏசிக்கொண்டார். ஏசும்போதே சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இந்த வயதில் நடுத்தெருவில் இதென்ன கூத்து என்று கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. முன்கண்ணாடியின் மூலையில் றஜீவன் ஒட்டிய புதிய ஏரியல். அதைக் கண்டால் இதென்ன புதிசா என்று மெற்றில்டா கேட்பாளே!

டாஷ்போர்டில் இருந்த மடு மாதா படத்தைக் கழற்றி அதற்கு மேல் ஒட்டினார். கருவியின் மேல் பழைய வரைபடப் புத்தகத்தையும் துடைக்கும் துணியையும் அடுக்கிப் பெட்டியைப் பூட்டினார். றஜீவனுக்குப் போன் எடுத்து, இதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாதென்று சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் போய் மீன் வாங்கினார். அன்றைக்கு விளைமீன், நல்ல பெரியதாகப் பார்த்து.

வீட்டில் மெற்றில்டா கதவைத் திறந்தாள். அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

செபமாலைமுத்து, ஒன்றும் கேளாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மீனை நீட்டினார்.

ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.