இரண்டு சென்டிமீட்டர்

நீலக் கோட்டுக்காரி மறுபடியும் அந்த ஆளை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"சேச்சே! கொஞ்சமாவது வெட்கம் இருக்கா இவளுக்கு?" டோர்கிரிம் தலையில் அடித்துக்கொண்டார். "நேத்துதானே தள்ளி நிறுத்திட்டுப் போனேன்!"

"பிளாட்பாரத்துல குளிர் ஜாஸ்திடா. பாவம், அவளும் என்னதான் பண்ணுவா?" என்றார் அஸ்லாக், வாயில் வாஃபிள் அப்பத்தோடு.

அந்தப் பொம்மையின் மொத்த உயரமே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வோஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில், மாதிரி ரயில் சங்கத்தார் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டிய மலை ஸ்டேஷன் அது. பிளாஸ்டர் மலை, சிவப்பு மரவீடுகள், வெள்ளை பூசிய பிர்ச் மரங்கள், எங்கே பார்த்தாலும் சுரங்கம். ரயில் பாதி நேரம் கண்ணிலேயே படாது. அந்த விஷயத்தில் அசல் நார்வே ரயிலேதான்.

நாளைக்குப் பெர்கனில் கண்காட்சி. டோர்கிரிமுக்கு அது மானப் பிரச்சினை. போன வருடம் தெரியாத்தனமாக ஒரே பெஞ்சில் மூன்று பேரை உட்கார வைத்துவிட்டார். பக்கத்துப் பெஞ்சு காலி. நடுவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம நாடா, இத்தாலியா?" என்று கேட்க, கூடமே சிரித்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் மனுஷன் சரியாகத் தூங்கவில்லை.

அதனால் இந்த வருடம் கையில் இரும்பு அளவுகோல். முன்பின் தெரியாத இரண்டு பேர் பிளாட்பாரத்தில் நின்றால் நடுவே இரண்டு சென்டிமீட்டர், நிஜக் கணக்கில் ஒன்றே முக்கால் மீட்டர். அதற்குக் குறைந்தால் அவர்கள் நம் ஊர்க்காரர்களே இல்லை. நீலக் கோட்டுக்காரிக்கும் காதுத்தொப்பி ஆளுக்கும் நடுவே அளந்துதான் இடம் விட்டிருந்தார். ஆனால் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள், அவள் நகர்ந்து வந்துவிடுகிறாள்.

"ஒருவேளை வண்டி ஓடற அதிர்வா இருக்குமோ?" என்று ரயிலை ஓட்டிப் பார்த்தார். வண்டி சுரங்கத்துக்குள் போய், வெளியே வந்து, மறுபடி போய், மறுபடி வந்தது. காதுவரை இழுத்துவிட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல் மூக்கு பிளாட்பாரத்தில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். பொம்மை அசையவே இல்லை.

"அப்போ இது உன் வேலைதான்டா, அஸ்லாக்."

"நானா? என் டீசல் எஞ்சின் மேல சத்தியமா நான் தொடலை!"

"பின்ன வேற யாரு?"

"அவ ஸ்வீடன்காரியா இருப்பாடா. அவங்கதான் இப்படிக் கூச்சமில்லாம ஒட்டிட்டு நிப்பாங்க."

மூலையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த சுனிவா, சிரிப்பை அடக்கப் போய் இருமினார். ஊர் நூலகத்தில் வேலை. அங்கே பேசாமல் இருந்து பழகியதாலோ என்னவோ, சங்கத்திலும் வாயைத் திறப்பது அபூர்வம். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதெல்லாம் அவர்தான். கோட்டுப் பொத்தானைக்கூட விடமாட்டார்.

"இந்தாங்க டோர்கிரிம், சூடா இருக்கு" என்று பழுப்புச் சீஸை அள்ளி வைத்த வாஃபிளை நீட்டினார்.

டோர்கிரிம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, சுனிவாவின் நாற்காலிக்கு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அஸ்லாக்குக்குப் பொறுக்கவில்லை. "பொம்மையை விடுடா. நீயே எப்பவும் ரெண்டு சென்டிமீட்டர் தள்ளிதானே நிக்கறே!"

"நீ சிரிப்பேடா. நாளைக்கு அந்த நடுவர் முன்னாடி நிக்கப் போறது நான்தானே?" டோர்கிரிம் பாதி வாஃபிளை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, மேஜை இழுப்பறையைக் குடைந்து பசைக் குழாயை எடுத்தார். "இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடறேன்."

"சரி, நான் போய் வேனை வாசலுக்குக் கொண்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் அந்தக் காதலர்களைப் பிரிச்சு வைங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு அஸ்லாக் படியேறினார்.

டோர்கிரிம் அளவுகோலைப் பிளாட்பாரத்தில் வைத்தார். இடுக்கியால் நீலக் கோட்டுக்காரியைத் தூக்கினார். அவள் காலடியில் ஒரு சொட்டுப் பசை வைத்தார்.

"காய எவ்வளவு நேரம் ஆகும்?"

கிளம்பத் தயாராகி, சுனிவா பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"ஒரு நிமிஷம் போதும். அப்புறம் மேல பனிச்சரிவே விழுந்தாலும் அசையமாட்டா."

"அவ்வளவு தள்ளியா நிக்கணும் அவ?"

"தெரியாத ரெண்டு பேருன்னா அப்படித்தாங்க நிப்பாங்க."

"தெரியாதவங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

டோர்கிரிம் நிமிர்ந்தார். சுனிவாவின் முழங்கை அவர் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நல்ல நீலம். டோர்கிரிமின் கை தானாகப் போய்த் தன் காதுத்தொப்பியைத் தொட்டுப் பார்த்தது. அளவுகோல் நழுவித் தண்டவாளத்தில் விழுந்தது.

"ஒட்டறதுதான் ஒட்டறீங்க... என்னை உங்க பக்கத்துலயே ஒட்டிடுங்களேன்!"