களமசேரிக்கு ஒரு படம்

"எந்தா ஷாகுலு, பொண்ணோட மூக்கு மட்டுந்தான் வெளிச்சத்துல இருக்கு. மிச்ச மூஞ்சிய மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஊகிச்சுக்கணுமா?"

பரீத் காக்கா படத்தை ஷாகுல் ஹமீது வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்துக் கேட்டார். மட்டாஞ்சேரியில் வெகுகாலம் மிளகுத் தரகு பார்த்த கை அது. அந்தத் தொழில் படுத்து, கல்யாணத் தரகுக்கு மாறிய பிறகும் எதையும் வாசல் வெளிச்சத்தில் பார்க்கிற பழக்கம் போகவில்லை. கடைக்குள்ளே வைத்துச் சரக்குக் காட்டுகிறவனை அவர் நம்பமாட்டார். கடைக்குள்ளே வைத்துத் தாமே நிறைய விற்றவர் என்பதால் வந்த ஞானம்.

கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை ஷாகுல் ஹமீதுக்கு. மனைவி மவுத்தான பிறகு வீட்டில் அவரும் மகள் ஜலீலாவும் மட்டும்தான். சாயங்காலம் தெரு முனையில் வரும்போதே இருமுவார். அந்த இருமலுக்குக் கதவு திறக்கும். சுக்குத் தூசியா, கதவு திறப்பதற்காகவே இருமுகிறாரா என்று பரீத் காக்கா கேலி செய்வதுண்டு.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பெண்ணை ஸ்டூடியோவுக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் துபாயிலிருந்து வந்த மைத்துனன் விட்டுப்போன யாஷிகா கேமராவில் ஷாகுல் ஹமீதே வீட்டில் வைத்து எடுத்தார். பிலிமைக் கழுவ மட்டும் அதே ஸ்டூடியோவுக்குத்தான் கொடுத்தார்கள். அங்கே இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு கழுவுவான் என்று நினைப்பு.

முதல் படத்தில் கன்னத்துக்குக் கீழே இருட்டு. ஜன்னலை ஒட்டி உட்காரவைக்கச் சொன்னார் பரீத் காக்கா. அடுத்ததை முற்றத்து வெயிலில் எடுத்தார்கள். அதில் கூரை நிழல் நெற்றியிலிருந்து கண் வரை இறங்கியிருந்தது. உச்சி வெயில் ஆகாது, லுஹர் தொழுகை முடிந்து வெயில் சாயட்டும் என்றார். சாய்ந்த வெயிலில் எடுத்ததுதான் இப்போது கையில் இருக்கும் மூக்கு.

முந்தைய படங்களால் இடப்பள்ளி வரன் கைநழுவிப் போயிருந்தது. பெண்ணுக்கு மாறுகண்ணா என்று அவர்கள் ஜாடையாக விசாரித்தார்கள்.

"மறைச்ச பக்கத்துலதான் சொத்தை இருக்கும்னு நெனைப்பான் வாங்குறவன்" என்றார் பரீத் காக்கா. "அவனக் குத்தம் சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நெனைப்பேன்."

இப்போது களமசேரியில் ஒரு வரன். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, நகை நட்டு என்று வாயைத் திறக்காத குடும்பம். வெள்ளிக்கிழமைக்குள் முகம் தெளிவாகத் தெரிகிற படம் வேண்டும், இல்லாவிட்டால் பாலக்காட்டுப் பெண்ணைப் பேசி முடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த இடம் போனால் இதுபோல இன்னொன்று தன்னால் கொண்டுவர முடியாது என்றார் பரீத் காக்கா. அது தரகர் பேச்சில்லை, நிஜம். அதனால் இந்தமுறை தானே கூட நின்று எடுக்கவைப்பதாகச் சொல்லி உள்ளே வந்தார்.

உள்ளே வந்தவருக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நாற்காலி ஜன்னலுக்கு வாகாகச் சாய்த்துப் போட்டிருந்தது. எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மறுகன்னத்துக்குத் திரும்புகிற மாதிரி செய்திருந்தார் ஷாகுல் ஹமீது. இவ்வளவு தெரிந்தவன் எப்படிக் கோட்டை விடுகிறான் என்று காக்காவுக்குப் புரியவில்லை.

ஜலீலா தலைமேல் போட்டிருந்த தட்டத்தைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். களமசேரியிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கடைசி பஸ் எப்போது என்று காக்காவிடம் கேட்டாள். போனமுறை இடப்பள்ளி பஸ்ஸைக் கேட்டிருந்தாள்.

அந்தக் கேமராவை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பரீத் காக்காவும் ஷாகுல் ஹமீதின் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்தார். கண்ணாடிச் சதுரத்தில் ஜலீலாவின் முகம் முழுசாக, பளிச்சென்று தெரிந்தது. களமசேரி என்ன, கண்ணூர்க்காரனே ஓடிவருவான். தெருவில் ஒரு கைவண்டி கடகடத்துப் போனது. ஜலீலாவின் பார்வை கேமராவை விட்டு, குனிந்திருந்த தகப்பனின் நரைத்த தலைக்குப் போனது. அவள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். ஜன்னல் கதவின் நிழல் பாதி முகத்தில் ஏறியது. கேமரா 'க்ளிக்' என்றது.

பிலிமைச் சுற்றி மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே ஆயிற்று.

பரீத் காக்காவுக்கு விளங்கிவிட்டது. விற்க மனசில்லாதவர்களையும் அவர் சந்தையில் பார்த்தவர்தான். ஜலீலா சாயா போட எழுந்து போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இத்தன நாளும் ஒன்னயத்தான் ஏசினேன் ஷாகுலு, பொறுத்துக்க. வெளிச்சத்துல கொற இல்ல. கடைசி நேரத்துல ஒம் மவ நகந்துடுறா. ஒன்னய இங்க ஒத்தையா விட்டுட்டுப் போக அதுக்கு மனசில்ல. அவ நகர்றதுக்கு முந்தி அமுக்கிடு, காரியம் முடிஞ்சுது."

ஷாகுல் ஹமீது கேமராவின் மூடியை மெதுவாகச் சாத்தினார். சமையற்கட்டில் டம்ளர் எடுக்கிற சத்தம் கேட்டது.

"மொதப் படத்துலயே தெரியும் காக்கா" என்றார். "அவ நகரட்டும்னு காத்திருந்துதான் அமுக்குறேன்."