கொண்டி போட்ட அறை

பின்கட்டு அறையின் கொண்டியை வெளியே மாட்டிவிட்டுத்தான் காபித் தட்டை எடுத்தேன். அறைக்குள் அப்பா இருந்தார்.

ஒரு சொளகு நிறையப் பருத்திக்கொட்டை கொடுத்திருந்தேன். பெரியதைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும் சேர்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வரை சத்தம் வராது.

"அண்ணன் பருத்தி விஷயமா வீரசோழன் சந்தை வரைக்கும் போயிருக்காக" என்று முன்னறையில் சவுந்தரம் அத்தை கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா எங்களை விட்டுப் போன பிறகு என்னை வளர்த்தது அத்தைதான். இந்த மாதிரிப் பொய்களும் அந்த வளர்ப்பில் சேர்ந்தவை.

இந்தத் தொண்ணூற்றி ரெண்டாம் வருஷம் எனக்கு முப்பது முடிகிறது. ரெட்டியபட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் சத்தமாகச் சிரித்தார். அப்பா காதைப் பொத்திக்கொண்டு அலறினார். அடுத்து வந்தவரை, இது என் இடம், எழுந்திரு என்று எழுப்பிவிட்டார். கிறுக்கு வீடு என்று ஊர் பேசியது.

அப்பா கிறுக்கு இல்லை. செவிடு இல்லை, ஊமை இல்லை. குடித்ததில்லை. ஒரு பொய் சொன்னதில்லை. அவருக்கு இருப்பதற்கு ஒரு பேர் இருந்தால்கூட வந்தவர்களிடம் சொல்லியிருப்பேன். டவுன் டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பினார். பாஸ்டர் உபவாச ஜெபம் வைத்தார். பேர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"இதுவும் தட்டிப்போனா, அடுத்து பொண்டாட்டி செத்தவன்தான் வருவான்" என்று அத்தை காலையிலேயே ஆசீர்வதித்திருந்தாள்.

தட்டோடு போனேன். மாப்பிள்ளை பேர் ஜோஸ்வா. பந்தல்குடியில் லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கிற கடை. தன் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன்.

தன் அம்மாவுக்கான காபியை இரண்டு தடவை ஆற்றினார். கையில் கொடுக்காமல் எதிரே தரையில் வைத்தார். அத்தை ஃபேனைக் கூட்டி வைக்கப் போனபோது, வேண்டாம் என்று எழுந்துபோய் அவரே நிறுத்தினார். அம்மாவைச் சுவரோரம் மூலை பார்த்து உட்கார வைத்திருந்தார். கையைத் தொடவில்லை, சேலை முந்தியை மட்டும் பிடித்திருந்தார். அந்தம்மாவிடம் அத்தை கேட்டதற்கெல்லாம் முந்திக்கொண்டு அவரே பதில் சொன்னார். அந்தம்மா யாரையும் பார்க்காமல், கேள்வியின் கடைசி வார்த்தையைத் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.



இதெல்லாம் என்னுடைய வேலை. சின்ன வயதில் ஐஸ்காரர் வந்தால் மற்ற பிள்ளைகள் ஐஸ் வாங்க ஓடும். நான் அவர் மணி அடித்துவிடாமல் தடுக்க ஓடுவேன். இப்படி ஒரு பிழைப்பு உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று முப்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜோஸ்வா நிமிர்ந்தார். எது எப்போது கெட்டுப்போகுமோ என்று ஓயாமல் காவல் இருக்கிற கண்கள். தினமும் கண்ணாடியில் நான் பார்க்கிற கண்கள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். இவரிடம் மறைக்க ஒன்றுமே இல்லை.

நேரே பின்கட்டுக்குப் போய்க் கொண்டியை எடுத்தேன். "அடியே ஈவா, வேணாம்டி" என்று அத்தை பின்னாலேயே ஓடி வந்தாள்.

அப்பா சொளகோடு முன்னறைக்கு வந்தார். யாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நேராக அந்தம்மா இருந்த மூலையில் போய் உட்கார்ந்தார். அந்தம்மா சொளகுக்குள் கையை விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தச் சொளகை நான் தொட்டால்கூட அப்பா கத்துவார்.

அப்பா சொளகை அந்தம்மா பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கொட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

"இவுகதான் எங்கப்பா" என்றேன். அதை அவ்வளவு பெருமையாக அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

ஜோஸ்வா வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இளகித்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

காபியைக் குடித்து முடித்தார். எழுந்தார். அந்தம்மாவுக்கு எழ மனசில்லை. கையில் இருந்த கொட்டைகளைப் பிரித்து முடிக்கும்வரை ஜோஸ்வா பொறுமையாக நின்று, பிறகு முந்தியைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீக. எங்கம்மா ஒருத்தவுகளுக்கே என் ஆயுசு பத்தல."

ஒன்றும் தெரியாதவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் தெரிந்தவர் சொன்னால் என்ன செய்வது? சரி என்று தலையாட்டினேன்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். அப்பா சொளகைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"அந்தம்மா எப்ப வரும்?"

போனவர் எப்போது வருவார் என்று அப்பா கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

டீச்சர் பயிற்சிக்காக இரண்டு வருஷம் நான் மதுரையில் விடுதியில் இருந்தேன். ஈவா எப்ப வருவா என்று அப்பா ஒரு தடவையாவது கேட்டாரா என்று, திரும்பி வந்த அன்றே அத்தையிடம் விசாரித்தேன். அத்தை பேச்சை மாற்றிவிட்டாள்.