பெரிய கிளட்ச்

"இந்தக் கிழட்டு டிராக்டருக்கு இன்னும் இழுவை கூடணும். பெரிய கிளட்ச்சாப் போட்டுடுங்க," என்று மெக்கானிக்கிடம் சொன்னான் மகன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "வண்டியை விக்கப் போறான்னு பயந்துகிட்டிருந்தேன். இவன் அதை வாலிபனாக்கப் போறானாம்!"

மெக்கானிக் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் அந்த வீட்டுக்குப் போனபோது, மகனை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"கிளட்ச் கல்லு மாதிரி இருந்துச்சுப்பா, மிதிக்க வரலை. சரின்னு எஞ்சின் ஓடாதப்பவே கியரைப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினேன். வண்டி பாய்ஞ்சிடுச்சு. 'நிறுத்துங்கப்பா'ன்னு கத்திக்கிட்டே அவன் குறுக்கே ஓடி வந்தான். வண்டியை நிறுத்த ரெண்டு காலையும் வச்சு கிளட்ச்சை மிதிச்சேன், அசையவே இல்லை. பதற்றத்துல பிரேக் நினைப்பே வரலை."

மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பிள்ளை ஆசையா வண்டிக்குப் பலம் ஏத்திக் குடுத்தான். என் காலுல பலமில்லாமப் போச்சே!"

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வருவதற்கு முந்தின நாள், மகன் தனியாக வந்து கெஞ்சியது மெக்கானிக்குக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலைண்ணே. ஓட்டாதீங்கன்னா சண்டைக்கு வர்றார். அவர் காலுக்கு அசையாத கிளட்ச்சாப் போட்டுடுங்க. எங்கப்பா இன்னும் கொஞ்ச காலம் உயிரோட இருக்கட்டும்."