சாம்பல் பூசிய எருமை

கறுப்பு எருமைகள் கும்பிட்ட தெய்வம் பால்வெள்ளை எருமை. கன்றுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாளாகியும் வேண்டுதல் பலிக்காததால் நீலி என்ற தாய் எருமைக்குச் சந்தேகம் வந்தது.

"நாம கறுப்புன்னு அது திரும்பிப் பாக்கலையோ, அக்கா?"

"போடி பைத்தியக்காரி! சாமி நிறமா பாக்கும்?" என்றது மூத்த எருமை.

"அப்ப நாம ஏன் அதை வெள்ளையா நினைச்சுக்கிட்டோம்?"

மூத்த எருமை அசைபோடத் தொடங்கியது.

நீலி சாம்பல் மேட்டில் புரண்டு உடம்பெல்லாம் வெளுத்தது. சாமிப் பாறைமுன் மண்டியிட்டுக் கதறிவிட்டு, நம்பிக்கையோடு கன்றிடம் ஓடிவந்தது.

கன்று மெல்லக் கண் திறந்து, எதிரே நின்ற வெள்ளை உருவத்தைப் பார்த்தது.

"சாமி, எங்கம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க. கறுப்பா இருப்பா."

"நான்தான்டா" என்று நீலி சொல்வதற்குள் அந்தக் கண்கள் மூடிவிட்டன.