பெண்சிங்கம் எழுந்திருக்கும்வரை

சஃபாரி ஜீப்பின் இடப்பக்கச் சக்கரத்தை ஒட்டி, வண்டிக்கடியில் தலையை நீட்டிப் படுத்துவிட்டது பெண்சிங்கம். வண்டியை நகர்த்தினால் நசுங்கிவிடும்.

எழுந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்று விருந்தாளிகளை அடக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் கொய்னெட்.

சிங்கம் எழுந்ததா என்று திரும்பிப் பார்க்க அவனாலும் முடியாது. பின்சீட்டில், சிங்கம் இருக்கிற பக்கத்து ஜன்னலோரம், அவன் மாமியார்.

மாசாய் இனத்து ஆம்பிளை சிங்கத்தை முறைக்கலாம். மாமியாரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பக்கக் கண்ணாடியில் அவள் முகம் விழுமே என்று அதையும் மடக்கி வைத்திருந்தான்.

கிராமத்தில் ஆட்டம்பாட்டம் முடிந்ததும், "பச்சிலை காட்டுங்க" என்று மாமியாரைக் கையோடு ஏற்றிக்கொண்டது ஜெர்மன்காரி உல்ரிகே. படியளக்கிற விருந்தாளி. மறுக்க முடியுமா?

கொய்னெட்டின் மனைவி சிலாந்தோய், வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டில் இருந்தாள். அவளுக்கென்று ஒதுக்கிய பசுவை அவளைக் கேட்காமல் விற்று அவன் பைக் வாங்கியதிலிருந்து. இப்போது பைக் இருந்தது. பின்னால் உட்கார ஆளில்லை.

வெயில் ஏறியது. உல்ரிகேயின் கணவர் குறட்டை விட்டார். மகள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.

பொழுது போகாமல் உல்ரிகே ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்கள் ஊரில் மனைவி கோபித்துக்கொண்டு போனால் எப்படி அழைத்து வருவார்கள்?

மொழிபெயர்க்க அவனை விட்டால் நாதியில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்து மாசாய் மொழியில் சொன்னான்.

"பசு போன வழியிலதான் பொண்டாட்டியும் போவான்னு அந்தம்மாகிட்ட சொல்லு," என்றாள் மாமியார், ஜன்னலைப் பார்த்து.

கால்நடைதான் எங்கள் உயிர் என்கிறார், என்றான் ஆங்கிலத்தில். உல்ரிகே மெய்சிலிர்த்தாள்.

அடுத்த கேள்வியை உல்ரிகே கேட்கவேயில்லை. ஆனாலும் மொழிபெயர்த்தான்: "ரெண்டு ஆடு குடுத்தா ஆகாதான்னு கேக்குறாங்க."

"ஆடா? பைக்குல போற துரைக்கு ஆடு மேய்க்க ஏது நேரம்? கன்னோட ஒரு பசு. பெரியவங்க முன்னால தலைகுனிஞ்சு வரணும். இல்லேன்னா பிள்ளை எங்க வாசல்லயே நடந்து பழகும்."

"கன்னு இல்லாம?"

"கன்னோட."

"சிங்கம் எந்திரிச்சிருச்சான்னும் கேக்குறாங்க."

"அது கெடக்கு."

சந்தையில் பேரம் படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். இங்கே கதவைத் திறந்தால் சிங்கம். திறக்காவிட்டால் மாமியார்.

பைக்கைத்தான் விற்கவேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் புரியாதது மாதிரி இருந்து பார்த்தான். வியர்வை கண்ணில் இறங்கியது.

"அந்தம்மாவுக்குச் சம்மதமாம்," என்றான். "கன்னோட. பெரியவங்களோட. வர்ற ஞாயித்துக்கிழமை."

பின்னால் கதவு திறக்கிற சத்தம் வந்தது.

"அம்மா!" என்று அலறித் திரும்பினான், வாழ்க்கையில் முதல்தடவையாக.

மாமியார் இறங்கிப் புதரோரம் பச்சிலை பறித்துக்கொண்டிருந்தாள்.

சக்கரத்தோரம் சிங்கம் இல்லை. அது படுத்து நசுக்கிய புல், எப்போதோ ஒன்றுவிடாமல் நிமிர்ந்துவிட்டிருந்தது.